நூற்றிருபது கலம் நெல்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று ஒரு கூத்தரின் ஊதியத்தைப் பேசுகிறது. இரண்டாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 1057-இல் பொறிக்கப்பட்டது அது. வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகத்தை ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தருக்கு நாள்தோறும் ஒரு தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என்று அரசன் நிவந்தம் அளித்தான். அவருக்குப் பின் அவர் வழியினரும் அதைப் பெற்று ஆடிவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், ஒரு தூணிக்கு நான்கு மரக்கால். முந்நூற்றறுபது நாளைக்குக் கணக்கிட்டால் மரக்கால் பிசகாமல் 120 கலம் வருகிறது.

கணக்கு இவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அந்த நாடகத்தின் ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை. அது இராசராசனின் வாழ்க்கையைச் சொன்னதா, கோயில் எழுந்த வரலாற்றைச் சொன்னதா என்பதிலும் அறிஞர்கள் ஒருமுடிவுக்கு வந்தாரில்லை. கூத்தரின் காலசைவு, பாட்டின் மெட்டு, வேடத்தின் வண்ணம் ஆகிய அனைத்தும் ஆடியவர் உடலோடு போயின. கல்லில் ஏறியது கூலி. காற்றில் கலந்தது கலை.

கடந்த காலத்தை மீண்டும் உடலால் வாழ்ந்து காட்ட ஒரு குழுவைத் தொடங்குவதும், தொடங்கிய குழுவைத் தலைமுறைகள் கடந்து நடத்துவதும் எவ்வளவு அரிய செயல்கள் என்பதை உணர இந்த ஒரு கல்வெட்டு போதும். இதே அரிய செயலை உலகின் இருவேறு மூலைகளில் இருவேறு வழிகளில் செய்துவருகிறார்கள். ஒன்று வடகடல் நாடுகளில். மற்றொன்று நம் தொண்டை மண்டலத்தில்.

வடகடலின் வைக்கிங்குகள்

கி.பி. 793-இல் இங்கிலாந்தின் லிண்டிசுபார்ன் தீவு மடாலயம் கொள்ளையிடப்பட்டதை வைக்கிங் காலத்தின் தொடக்கமாகவும், 1066-ஐ அதன் முடிவாகவும் கொள்வது வரலாற்றாசிரியர் வழக்கு. தமிழகக் கணக்கில் இது பிற்காலப் பல்லவரில் தொடங்கி வீரராசேந்திரன் வரை வரும் காலம். தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காஞ்சியில் ஆண்டபோதுதான் 865-இல் டேனியப் பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியது. கடாரம் கொண்ட இராசேந்திரனும் இங்கிலாந்து, டென்மார்க்கு, நார்வே ஆகிய மூன்றையும் கட்டியாண்ட கனூட்டு மன்னனும் ஒரே காலத்தவர். இரு கடல்களிலும் ஒரே தலைமுறையில் மரக்கலங்கள் படை சுமந்து சென்றன. சுவீடனின் எல்கோ தீவில் 1950-களில் நடந்த அகழாய்வில், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வார்க்கப்பட்ட சிறு வெண்கலப் புத்தர் சிலை ஒன்று கிடைத்தது. அன்றைய வணிக வழிகள் எவ்வளவு நீண்டவை என்பதற்கு அது சான்று.

அந்தக் காலத்தை வாழ்ந்து காட்டும் குழுக்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றின. டென்மார்க்கின் லைரா என்னும் ஊரில் 1964-இல் தொல்லியல் சோதனை நிலையம் ஒன்று அமைந்தது. பழைய முறையில் வீடு கட்டி, பழைய கருவியால் உழுது, சுட்டும் நெய்தும் பார்த்து அறிவது அதன் நோக்கம். இங்கிலாந்தில் 1971-இல் ஒரு வைக்கிங் குழு தோன்றியது. திரைப்படங்களுக்கும் ஊர்க் காட்சிகளுக்கும் போர்வீரர் வேடம் தருவதற்கான சங்கமாக அது தொடங்கியது என்பதை அதன் முதற்பெயரே காட்டுகிறது. காட்சிக்காகக் கூடியவர்கள் நாளடைவில் சான்றுகளைத் தேடத் தொடங்கினர். 1986-இல் ரீஜியா ஆங்கிலோரம் என்னும் மற்றொரு சங்கம் பிறந்தது. இச்சங்கத்தார் கெண்டுப் பகுதியில் ஓக்கு மரத்தால் ஒரு பெரு மண்டபத்தையே தம் உழைப்பால் எழுப்பினர்.

இத்தகைய குழுக்களின் உயிர்நாடி ஒரு கேள்வியில் இருக்கிறது: ‘இதற்குச் சான்று என்ன?’ புதிதாகச் சேர்பவர் அணியும் காலணி முதல் இடுப்புக் கொக்கி வரை ஒவ்வொன்றுக்கும் அவர் விடை சொல்ல வேண்டும். அகழாய்வில் கிடைத்த பொருளா, எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று கேட்பார்கள். வைக்கிங் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் கொம்பு வைத்த தலைக்கவசத்துக்கு இங்கே இடமில்லை. அது 1876-இல் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வகுத்தவர் பரப்பிய கற்பனை. நார்வேயில் 1943-இல் கண்டெடுக்கப்பட்ட கவசத்தில் கொம்பு கிடையாது. கண்ணைச் சுற்றிக் காக்கும் இரும்பு வளையமே உண்டு. சமையலில் உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் அனுமதியில்லை. அவை அமெரிக்கா கண்ட பின்னர் வந்தவை. போர்க்காட்சியில் வாளின் முனை மழுக்கப்பட்டிருக்கும்; பயிற்சியில் தேறாதவர் களத்தில் இறங்க இயலாது.

இந்த முயற்சியின் சிகரம் ஒரு கப்பல். டென்மார்க்கின் உரோசுகில்டே கழிமுகத்தில் 1962-இல் ஐந்து பழங்கலங்களின் சிதைவுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு போர்க்கலம் 1042-இல் டப்ளின் பகுதி ஓக்கு மரத்தால் கட்டப்பட்டது என்பது மரத்தின் ஆண்டு வளையங்களால் உறுதியாயிற்று. அதே அளவில் ஒரு புதுக்கலத்தை 2000 முதல் 2004 வரை பழைய கருவிகளைக் கொண்டு கட்டினர். 2007 கோடையில் அறுபது பேர் அளவிலான குழு அதைச் செலுத்தி டப்ளின் சேர்ந்தது. கூரையற்ற கலத்தில் மழையில் நனைந்தபடி உறங்கியவர்கள், நூல்கள் சொல்லாத பலவற்றைத் தம் எலும்பால் அறிந்தனர். பாய்மரக் கயிற்றின் இழுவையும், கலத்தின் உடல் அலையில் நெளிவதும், ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு வாழும் நெருக்கமும் அவர்கள் பெற்ற பாடங்கள்.

தொண்டை மண்டலத்தின் பாரதம்

வடகடலார் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கும் அவர்கள் முன்னோருக்கும் நடுவே சமயம் மாறிவிட்டது, மொழி மாறிவிட்டது, மரபு அறுந்துவிட்டது. தொண்டை மண்டலத்தில் அறுபடாத ஒரு சங்கிலி இருக்கிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு ஏழாம் நூற்றாண்டினது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கியதை அது சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாரத வெண்பாவைப் பாடினார்; அது முழுமையாகக் கிடைக்கவில்லை, ஒரு பகுதியே எஞ்சியது. பின்னர் வில்லிபுத்தூராரின் விருத்தங்கள் வந்தன. அவற்றுக்கும் பின் நல்லாப்பிள்ளை பாரதம் வந்தது. வாசிப்பு மண்டபத்திலிருந்து திரௌபதி அம்மன் கோயில் திடலுக்கு இறங்கியது. இன்றும் வடதமிழகச் சிற்றூர்களில் பாரதத் திருவிழா நடக்கிறது. பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். இரவில் கூத்து, விடியும்வரை. கர்ண மோட்சம், அபிமன்யு சண்டை, பதினெட்டாம் போர் என்று கதை நாள்கணக்கில் நீளும்.

இவ்விழாவில் பார்ப்பவர், நடிப்பவர் என்னும் பிரிவு மெல்ல மெல்லக் கரைந்துபோகிறது. அர்ச்சுனன் தபசன்று வேடதாரி உயர்ந்த தபசு மரத்தின் படிகளில் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழத்துக்குக் கீழே பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். பகாசுரனுக்கு வண்டியில் சோறு போகும்போது ஊர்ச் சிறுவர்கள் பின்னே ஓடுவார்கள். பாஞ்சாலியின் துகிலை இழுக்கும் கட்டத்துக்கு முன் துச்சாதனன் வேடமிட்டவர் கற்பூரம் ஏற்றி மன்னிப்பு வேண்டுவார். அவர் தொடப்போவது சக நடிகரை மட்டுமன்று, அம்மனையும்தான். இறுதி நாள் படுகளம். பல அடி நீளத்துக்கு மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வீமனும் துரியோதனனும் ஓடுவர். தொடை பிளந்தபின் பாஞ்சாலி தன் விரித்த கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி. ஊருக்கு நெடுங்காலக் கடன் ஒன்று தீர்ந்ததுபோல் இருக்கும்.

வடகடல் நாடுகளில் இதற்கு ஒப்பாக ஒன்றைத் தேடினால், மேற்சொன்ன சங்கங்களைவிட செட்லாந்துத் தீவின் லெர்விக்கு நகரில் சனவரி இறுதியில் நடக்கும் தீவட்டித் திருவிழாவே நெருங்கி வருகிறது. ஆண்டுதோறும் ஊரார் கூடி ஒரு வைக்கிங் கலத்தைக் கட்டுவர். தலைவரும் அவர் படையும் அணியும் உடைகள் மாதக்கணக்கில் மறைவாகத் தயாராகும். ஓரிரவு ஊர்வலம் முடிந்து கலத்தைத் தீக்கிரையாக்குவர். உழைத்துச் செய்ததை அழிப்பதே விழா. மண் துரியோதனனுக்கும் மரக்கலத்துக்கும் கதி ஒன்றுதான். மறு ஆண்டு மீண்டும் செய்ய வேண்டும். மீண்டும் செய்ய வேண்டியிருப்பதால்தான் செய்யும் திறம் ஊரில் தங்குகிறது.

நடத்துவதன் பொருளியல்

கூத்து நடத்தும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பு சில குடும்பங்களுக்குக் குறிப்பிட்ட ஊர்களில் ஆடும் பரம்பரை உரிமை இருந்தது. உரிமை என்று பெயர் இருந்தாலும் அது கட்டாயக் கடமையுங்கூட. கூலி பெரும்பாலும் தானியமாக வந்தது. அந்த ஏற்பாட்டில் கூத்தருக்குச் சோறு உண்டு, மதிப்பு இல்லை. பிறகு வாத்தியார் தலைமையில் குழுக்கள் அமைந்தன. ஊரார் தாம்பூலம் வைத்து முன்பணம் தருவது வழக்கமாயிற்று. குழுவுக்கு நல்ல முகவீணைக்காரர் வேண்டும், மத்தளமும் ஆர்மோனியமும் வேண்டும், கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடம், புசக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவை வேண்டும். இந்தக் கட்டைகளை அணிந்து எட்டு மணி நேரம் சுழன்றாடும் தோள் வேண்டும். மழைக்காலத்தில் வருமானம் இல்லை என்பதைத் தாங்கும் குடும்பமும் வேண்டும்.

நகரம் கூத்தின் பக்கம் திரும்பியது 1970-களில். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்ட ந. முத்துசாமி அதைத் தமிழரின் அரங்கமாக இனங்கண்டார். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் குழு பாரதத்தோடு நில்லாமல் கார்சியா மார்க்கேசின் கதையையும் கூத்தாக்கியது. 1990-இல் பெ. இராசகோபால் காஞ்சிபுரத்தை மையமாகக் கொண்டு கூத்தர்களைத் திரட்டிச் சங்கம் கண்டார். சிறுவயதிலேயே பள்ளியை விட்டுத் தந்தையின் குழுவில் வேடம் கட்டியவர் அவர். ஆய்வாளர் ஆன்னே தெ புரூயின் அவருக்குத் துணை நின்றார். ‘தெருக்கூத்து’ என்னும் சொல்லில் நகரத்தார் ஏற்றிய இளக்காரத்தை ஏற்க மறுத்து, ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயரை அச்சங்கம் உயர்த்திப் பிடித்தது. பெயரைத் தாமே தேர்வது ஒரு குழுவின் முதல் உரிமை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

2002-இல் புஞ்சரசந்தாங்கல் என்னும் ஊரில் அவர்கள் குருகுலம் தொடங்கினர். கூத்தா பள்ளியா என்று தேர்ந்தாக வேண்டிய கொடுமை அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்பது அதன் அடிப்படை. குழந்தைகள் பாடமும் படித்தனர், அடவும் பயின்றனர். ஆண்களே பெண்வேடம் கட்டிவந்த கலையில் பெண்பிள்ளைகள் கிரீடம் சூடினர். கர்ணனாகவும் துரியோதனனாகவும் அவர்கள் வந்து நின்றபோது திரை விலக, ஊர் வியந்தது. லெர்விக்கு விழாவின் படைகளில் பெண்கள் சேர 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தக் குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்; பாரதப் போரின் நாள்களின் எண்ணிக்கை. பயின்றவர்கள் ஆடிவருகிறார்கள் என்பது ஆறுதல். ஆயினும் ஒரு நிறுவனம் அதைத் தொடங்கியவரின் தோளையே நம்பி நிற்கும்வரை, தோள் சாயும் நாளில் அதுவும் சாயும் என்பது கசப்பான உண்மை. இரண்டாம் இராசேந்திரன் கல்வெட்டில் ‘அவர் வழியினரும்’ என்று சேர்த்தது இந்த அச்சத்தால்தான். கல்வெட்டும் காப்பாற்றவில்லை.

சான்றும் தொடர்ச்சியும்

வடகடலாரிடம் சான்று இருக்கிறது, தொடர்ச்சி இல்லை. நம்மிடம் தொடர்ச்சி இருக்கிறது, சான்றைக் கேட்கும் பழக்கம் இல்லை. கூத்தின் கிரீடம் பல்லவர் காலத்ததா, நாயக்கர் காலத்ததா என்று எவரும் கேட்பதில்லை. பாரதக் கூத்துக்கு அந்தக் கேள்வி தேவையும் இல்லை. அது வரலாற்றை நடிக்கவில்லை, வேண்டுதலை நிறைவேற்றுகிறது. ஆனால் சோழர் காலத்தை மேடையேற்ற விரும்புவோர்க்கு அந்தக் கேள்வி தேவை. புதினமும் திரைப்படமும் தந்த பட்டாடையும் பொற்கவசமும் நம் கொம்புத் தலைக்கவசங்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நாளை ஒரு குழு இதைத் தொடங்க நினைத்தால் பொருளுக்குப் பஞ்சமில்லை. பழைய புழல் கோட்டத்து மண் இது. திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானைக்காலை முல்லைக்கொடி சுற்றிய கதையும் வெள்ளெருக்கந் தூண்களும் இருக்கின்றன. திருமழிசையும் திருவேற்காடும் பாடல் பெற்றோரின் பெயரைச் சுமக்கின்றன. இந்த வட்டாரத்துக்கு மேற்கே தக்கோலத்தில் 949-இல் இராசாதித்தன் யானைமேலிருந்தே மாண்டான். அப்போர் முடிவைச் சொல்லும் ஆதக்கூர்க் கல், பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் நாய்க்கும் நடப்பட்டது. இளவரசனின் சாவும் ஒரு நாயின் வீரமும் ஒரே கல்லில். கவிஞர்க்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டியதில்லை.

அக்குழுவின் அடுப்பில் மிளகாய் இருக்காது. அது போர்த்துகீசியர் வழியே வந்தது. காரத்துக்கு மிளகுதான். அளவை மரக்காலும் நாழியும் உழக்கும். நந்தா விளக்கொன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டு, அவை சாவா மூவாப் பேராடுகள் என்று எழுதினார்களே, அந்த ஆட்டை மேய்த்த மன்றாடி காலையில் என்ன செய்தான், நெய்யை எப்படி அளந்து கொடுத்தான் என்பதை ஆடிக்காட்டலாம். 1931-இல் தஞ்சைக் கருவறைச் சுற்றில் கண்டறியப்பட்ட ஓவியங்களில் தலைமுடி முதல் கால் வரை உடைக்குச் சான்று உண்டு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உலோகம் அறிந்த கைகள் இருக்கின்றன.

கடினமான கேள்வி வேறு. இராசராசன் கல்வெட்டு, வரி நீக்கிய நிலங்களை வரிசைப்படுத்தும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்களையும் சொல்கிறது. உத்தரமேரூர்க் குடவோலை முறையில் பெயர் எழுதப்பெற நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். அந்தச் சேரியில் வாழ்ந்தவராக யார் வேடம் ஏற்பது? எல்லாரும் அரசராகவும் படைத்தலைவராகவும் வர விரும்பினால், அது புகழ்ச்சி விழாவாக முடியும். வாழ்ந்து காட்டிய வரலாறாகாது. வைக்கிங் குழுக்களும் இச்சுவரில் முட்டியிருக்கின்றன. அடிமைகளை விற்ற ஒரு சமூகத்தை எப்படிக் காட்டுவது என்னும் கேள்வி அவர்களுக்கும் உண்டு. அவர்களின் பழைய எழுத்துக் குறிகளை நாசிகள் கைப்பற்றினர்; இன்றும் இனவெறியர் அவற்றை ஏந்துகின்றனர்; ஆகவே அத்தகையோரைச் சேர்ப்பதில்லை என்று பல குழுக்கள் வெளிப்படையாக அறிவிக்கின்றன. பழம்பெருமை பேசும் எந்தக் கூட்டமும் தன் வாயிலில் வைக்க வேண்டிய காவல் அது.

கூத்தர்களிடம் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அவர்களின் பாரதத்தில் துரியோதனனுக்கும் முழு இரவு உண்டு. கர்ணன் சாகும் இரவில் வென்றவர் பக்கம் எவர் கண்ணும் திரும்புவதில்லை. கட்டியக்காரன் அரசனை அவன் முகத்துக்கு எதிரே கேலி செய்வான். அரசன் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். இந்த நேர்மை அகழாய்வில் கிடைப்பதில்லை. விடியவிடியத் தரையில் அமர்ந்து பார்த்த மக்கள் பல தலைமுறையாகக் கோரிப் பெற்றது அது.

எழுதுவோர் கூடிய எந்த வட்டத்துக்கும் இதில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. வயது முதிர்ந்த வாத்தியார்களின் பாட்டு நோட்டுகள் பெட்டிகளில் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. எந்த ஊரில் எந்த மெட்டு, எந்த அடவுக்கு எந்தச் சொற்கட்டு, முகவீணைக்குச் சீவாளி கட்டும் முறை எது என்பவற்றை அறிந்தவர்கள் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் சென்று கேட்டு, பெயரும் ஊரும் ஆண்டும் இட்டு எழுதி வைப்பதற்கு அரசனின் நிவந்தம் தேவையில்லை. திருமுதுகுன்றன் காலத்தில் கல்தச்சர் ஊதியத்தைப் பொறித்தனர். பாட்டைப் பொறிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. இம்முறை அந்தக் குறை நேர வேண்டியதில்லை.